பழசு, கிழடு, முதுசம்: யாழ்ப்பாணத்தில் பழமையைச் சொல்லும் வகை

"அவ என்ர பழைய ரீச்சர்" என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொன்னால், அந்த ரீச்சருக்கு 35 வயதாகவும் இருக்கலாம். முன்பு படிப்பித்தவ என்பதுதான் பொருள். "ரீச்சருக்கு வயசு போட்டுது" என்றால்தான் அது வயதுக் கதை. "கிழட்டு ரீச்சர்" என்றால் கதை முடிந்து சண்டை தொடங்கிவிடும். மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துக் கைக்கு வந்த சொல்லைப் போடுவதுதான் புதிதாக வருகிறவர்கள் விடும் முதல் பிழை.

வெளிநாட்டில் பிறந்து விடுமுறைக்கு வருகிறவர்கள், கொழும்பிலிருந்து மாற்றலாகி வரும் உத்தியோகத்தர்கள், தமிழ்நாட்டுத் தமிழோடு வந்து இங்கே எழுதத் தொடங்குகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. எல்லாச் சொல்லையும் பாடமாக்கத் தேவையில்லை. வரிசையாக மூன்று கேள்வி கேட்டுக்கொண்டால் சரியான சொல் தானாக வந்து நிற்கும்.

முதற்கேள்வி: ஆளா, சாமானா?

"பழைய" என்ற சொல் சாமானோடு சேர்ந்தால் வயதைக் காட்டும். ஆளோடு சேர்ந்தால் உறவைக் காட்டும். பழைய சைக்கிள் ஓடித் தேய்ந்த சைக்கிள். பழைய சிநேகிதன் நெடுநாள் சிநேகிதன். பழைய மாணவர் சங்கத்தில் போன வருடம் பள்ளிக்கூடத்தை விட்டு விலகிய 19 வயதுப் பிள்ளையும் சேரலாம்.

பதவியில் இருந்தவர்களைச் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். பேச்சில் "பழைய அதிபர்" போதும். எழுத்தில் "முன்னாள் அதிபர்". "இளைப்பாறிய அதிபர்" என்பது சேவைக்காலம் முடித்து ஓய்வூதியம் எடுப்பவருக்கு மட்டும். வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகிப் போனவரை இளைப்பாறியவர் என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டால் விழா மேடையில் எல்லாருக்கும் சங்கடம். "ஓய்வுபெற்ற" என்பதும் இப்போது நன்றாகப் புழங்குகிறது. ஆனால் இளைப்பாறிய என்பதில் இருக்கிற ஊர்வாசம் அதில் இல்லை. பேச்சில் "பென்சனியர்" என்றால் இவர்களைத்தான் குறிக்கும்.

ஆளின் வயதைச் சொல்ல வேண்டுமென்றால் இங்கே வினை "போதல்". "அப்புவுக்கு வயசு போட்டுது", "வயசுபோன ஆக்கள் முன்னுக்கு இருங்கோ". தமிழ்நாட்டில் "வயசாயிடுச்சு" என்று நிற்கும் இடத்தில் இங்கே "வயசு போட்டுது" நிற்கும். இது மரியாதைக் குறைவில்லாத சொல். வயது வந்தவர் என்று சொல்லிவிடாதீர்கள். அது 18 நிரம்பியவர். "வயசுக்கு வந்தது" என்றால் பூப்பெய்தியது. வருவதும் போவதும் இங்கே ஒரு வாழ்நாள் தூரம்.

எழுத்தில் முதியவர், முதியோர், வயோதிபர். கடைசிச் சொல்லை இலங்கையில் "ப" போட்டு எழுதுவார்கள், தமிழ்நாட்டில் "வயோதிகர்". அரச கடிதங்களில் "சிரேஷ்ட பிரசைகள்" என்றும் வரும். சட்டத்துக்கு இதில் குழப்பம் இல்லை: முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி 60 வயதும் அதற்கு மேலும். முதியோர் அடையாள அட்டை பற்றி எழுதும்போது "வயசுபோனவர்கள்" என்று எழுதாமல் "முதியோர்" என்றே எழுதுங்கள்.

கலைஞர், எழுத்தாளர் பற்றி எழுதுவோர் மூன்று அடைமொழிகளைக் கலந்தடிக்கிறார்கள். "மூத்த" என்பது வரிசை. 45 வயதுப் பத்திரிகையாளரும் மூத்த பத்திரிகையாளர் ஆகலாம். "முதுபெரும்" என்றால் வயதும் புகழும் இரண்டும் இருக்க வேண்டும். 70க்குக் கீழே இதைப் போடுவது அவருக்கே பிடிக்காது. "பழம்பெரும்" என்பது புகழ் முன்னொரு காலத்தில் உச்சத்தில் இருந்ததைச் சொல்லும். இன்றும் மேடையேறுகிற ஒரு நாதஸ்வரக் கலைஞரைப் பழம்பெரும் என்று அறிவித்தால், அவருடைய காலம் முடிந்துவிட்டது என்று சொல்லாமல் சொன்னதாகிவிடும்.

கிழ என்ற சொல்லைத் தொடுமுன்

பழந்தமிழில் கிழவன் என்றால் உரிமையுடையவன், தலைவன். நிலக்கிழார் என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உரிமை போய் வயது மட்டும் மிஞ்சியதுதான் இந்தச் சொல்லுக்கு நேர்ந்த கதி.

இன்றைய நடைமுறை இது. பேரப்பிள்ளை தன் அம்மம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "என்ர கிழவி" என்றால் செல்லம். அதே சொல்லை மருமகள் சொன்னால் குற்றம். வெளியாள் சொன்னால் அவமானம். கிழடு, கிழட்டு, கிழம் என்று அஃறிணைக்கு இறங்க இறங்கக் காரம் கூடும். "தொண்டு கிழம்" அதன் உச்சம். "கிழட்டு மாடு" என்று மாட்டைச் சொல்லலாம், அது விவரணை. வாகனத்தைச் சொன்னால் பகிடி. மனிசரைச் சொன்னால் வசவு.

சில வசனங்களை அந்த வயதுக்காரர் மட்டுமே தன்னைப் பற்றிச் சொல்லலாம். "வீடு போ போ எண்டுது, காடு வா வா எண்டுது" என்பது அப்படி ஒன்று. ஒரு ஆச்சி சிரித்துக்கொண்டு இதைச் சொல்லும்போது "ஓமோம்" என்று தலையாட்டக்கூடாது. "சும்மா இருங்கோ ஆச்சி" என்பதுதான் முறையான மறுமொழி.

பாராட்டாகச் சொல்ல இரண்டு நல்ல வழி உண்டு. உடல் திடமாக இருந்தால் "வைரம் பாய்ஞ்ச கட்டை". பனை முற்றி வெளிப்புறத்தில் கறுத்து இறுகிய பகுதிக்குத்தான் வைரம் என்று பெயர். கூரைக்கு வளை, தீராந்தி போடுகிறவர்கள் தேடுவது அதைத்தான். அனுபவம் என்றால் "பழந்திண்டு கொட்டை போட்டவர்". ஆனால் இதில் கொஞ்சம் தந்திரக்காரர் என்ற நெடியும் உண்டு. கோயில் திருவிழாக் கணக்கு வழக்கிலும் தேர்தல் வேலையிலும் பழகியவருக்குப் பொருந்தும்; நினைவு மலரில் எழுதப் பொருந்தாது.

வயதானவர்களைப் பார்த்து நக்கலடிக்கும் இளசுகளுக்கு இங்கே ஒரு பழமொழி தயாராக இருக்கும்: "காவோலை விழக் குருத்தோலை சிரிச்சுதாம்." காவோலை என்பது காய்ந்து தொங்கும் பனையோலை. காற்றடித்தால் சரசரவென்று சத்தம் போட்டுக்கொண்டு விழும். மேலே குருத்து நிமிர்ந்து நிற்கும். தமிழ்நாட்டில் "பழுத்த ஓலை" என்று கேட்டுப் பழகியவர்கள் இங்கே காவோலை என்றே சொல்லுங்கள்.

நேரில் அழைக்க "ஐயா", "அம்மா" எங்கேயும் பாதுகாப்பு. "அப்பு", "ஆச்சி" கிராமத்தில் மிக வயதானவர்களுக்கு இனிக்கும். பட்டணத்தில் சாயம் பூசிய தலையோடு நிற்கும் 62 வயதுக்காரரை "அப்பு" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். "பெரிசு" என்று தமிழ்நாட்டுப் படங்களில் வருவதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

இரண்டாம் கேள்வி: எதனால் பழசானது?

யாழ்ப்பாணத் தமிழின் செல்வம் இங்கேதான் கிடக்கிறது. ஒரு சாமான் பழசாகிவிட்டது என்று சொல்லுவது அரைகுறைத் தகவல். இரும்பு ஒரு விதமாகப் பழசாகும், மரம் ஒரு விதமாக, சோறு ஒரு விதமாக. வினைச்சொல்லைச் சரியாகப் போட்டால், திருத்தலாமா எறியலாமா என்பதும் அதிலேயே வந்துவிடும்.

இரும்பில் தொடங்கலாம். துரு என்று எழுத்தில் எழுதுவது பேச்சில் "கறள்". படலைப் (வெளிவாசல் கதவு) பிணைச்சலில் (கீல்) செம்மண் நிறத்தில் பொடி தெரிந்தால் "கறள் பிடிச்சிட்டுது". அரத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ற் அடித்தால் மீளும். கைவிரலால் அழுத்தினால் தகடு பிய்ந்து வருகிறதென்றால் "இத்துப்போச்சு". எழுத்தில் இற்றுப்போனது. இத்ததற்கு மருந்தில்லை, வெட்டி ஒட்டத்தான் வேண்டும். கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றுக்குக் கறளுக்கும் இத்தலுக்கும் இடையில் அதிக காலம் இருக்காது. கார் வாங்கப் போகிறவர் "கறள் இருக்கோ?" என்று கேட்டால் போதாது, "அடித்தட்டு இத்திருக்கோ?" என்று கேட்க வேண்டும்.

மரத்துக்கு மூன்று சொல், மூன்று எதிரி. வண்டு துளைத்து மாப்போலக் கொட்டினால் "உளுத்தது". கறையான் தின்று மண் வரி விட்டிருந்தால் "செல்லரிச்சது". ஈரத்தில் ஊறிப் பஞ்சாகிவிட்டால் "உக்கினது". கதவுநிலையின் கால் நிலத்தோடு முட்டும் இடத்தில் பெரும்பாலும் உக்கும். மேலே வளையில் உளுக்கும். தச்சரிடம் "மரம் பழுதாப்போச்சு" என்று பொதுவாகச் சொன்னால், அவர் வந்து பார்க்கும்வரை என்ன சாமான் கொண்டுவருவது என்று அவருக்கே தெரியாது. உளுத்தது என்று சொன்னால் மருந்தடிக்க ஆயத்தமாக வருவார். உக்கினது என்றால் துண்டு மாற்றும் கணக்கோடு வருவார். ஓலை வேலியும் கிடுகுக் கூரையும் உக்கும், உளுக்காது.

துணி முதலில் சாயம் போகும், பிறகு நையும், பிறகு இத்துக் கிழியும். கிழிந்து தொங்கினால் "பீத்தல்", அதற்கும் அப்பால் "கந்தல்". "பழஞ்சீலை" என்பது பழைய சேலை அல்ல; சட்டி பிடிக்கவும் மேசை துடைக்கவும் வைத்திருக்கிற துண்டு. ஒருவரின் கூறைச் சேலையைப் பார்த்து "பழஞ்சீலை" என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் தேத்தண்ணி கிடைக்காது.

புத்தகமும் ஏடும் பழுப்பேறும். ஓலைச்சுவடியைச் செல்லரிக்கும். புத்தகத்தில் சின்னச் சின்ன ஓட்டை தெரிந்தால் "இராமபாணம் அரிச்சிட்டுது" என்பார்கள். பக்கங்களைத் துளைத்துக்கொண்டு போகும் பூச்சியின் பெயர் அது.

வீடு, கிணறு, வளவு. சுவரில் காரை கழரும், சுண்ணாம்பு உதிரும், பாசி பிடிக்கும். ஆளில்லாமல் கிடந்தால் "பாழடைஞ்ச வீடு", "பாழ் வளவு". பழைய வீடு வேறு, பாழடைந்த வீடு வேறு. முதலாவதில் ஆட்கள் இருக்கலாம். இடம்பெயர்ந்து போனவர்களின் வீட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டை விடக்கூடாது, வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். கிணறு குப்பையும் மண்ணும் விழுந்து நிரம்பிவிட்டால் "தூர்ந்த கிணறு". இறைத்துத் துப்புரவாக்கினால் திரும்பும்.

சாப்பாட்டில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். சமைத்த கறி நாள்பட்டு நூல் விட்டால் "ஊசினது". மாவும் கூழும் "புளிச்சது". பாண் "பூஞ்சணம் பிடிச்சது". தேங்காயெண்ணெய் "காறினது", காறல் மணம் தொண்டையைப் பிடிக்கும். முருங்கைக்காயும் வெண்டிக்காயும் "முத்தினது", பழசானது அல்ல. மரத்திலேயே முற்றியது, அன்று காலை பிடுங்கியதாகக்கூட இருக்கும். சந்தையில் "இது பழைய வெண்டிக்காயோ?" என்று கேட்டால் விற்கிற அம்மாவுக்குக் கோபம் வரும். நுனியை முறித்துப் பார்த்து "முத்தல்" என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் வேறு எடுத்துத் தருவா.

"பழஞ்சோறு" கெட்ட சோறு இல்லை. இரவு தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் தயிரும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுக் குழைப்பது. ஊசின சோற்றைப் பழஞ்சோறு என்று மரியாதைக்குச் சொல்வதும், பழஞ்சோற்றை ஊசினது என்று எறிவதும் இரண்டும் பிழை. இன்னொரு பொறி "பழப்புளி". அது பழைய புளி அல்ல, பழத்திலிருந்து எடுத்த புளி. தேசிக்காய்ப் புளியிலிருந்து பிரித்துக் காட்டவே அந்தப் பெயர். கடையில் புதுப் புளி கேட்டு வாதாட வேண்டாம்.

இயந்திரத்துக்கு "பழுது" என்ற சொல் இருக்கிறது. பழுதும் பழசும் ஒலியில் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் நேற்று வாங்கிய மிக்சியும் பழுதாகலாம், 40 வருடத் தையல் மெசின் பழுதில்லாமல் ஓடலாம். இதை விளங்கிக்கொள்ள யாழ்ப்பாணத்துக் கார்களைப் பார்த்தால் போதும். ஒஸ்டின் ஏ40 சோமசெற் 1952 தொடக்கம் 1954 வரை செய்யப்பட்டது. மொரிஸ் மைனர் 1948இல் வந்தது. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத நாட்களில், கொஞ்சம் பெற்றோலைக் காட்டி இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடியவை இவை. இவற்றை "பழைய கார்" என்று சொல்லலாம், "ஓட்டைக் கார்" என்று பகிடிக்குச் சொல்லலாம், "பழுதான கார்" என்று மட்டும் சொந்தக்காரர் முன்னால் சொல்லக்கூடாது. இன்னொருவர் கைபட்டு வந்த சாமானுக்கு "பாவிச்ச" என்பதுதான் சொல். "பாவிச்ச சைக்கிள்" ஆறு மாதப் புதுசாகவும் இருக்கலாம். யப்பானில் பாவித்து இறக்குமதியான வாகனத்துக்கு "ரீகண்டிசன்". விளம்பரத்தில் "பழைய" என்று போட்டால் விலை இறங்கும், "பாவித்த" என்று போட்டால் நிற்கும்.

மூன்றாம் கேள்வி: எவ்வளவு பழசு?

பேச்சில் மிகைப்படுத்தக் கணக்கில்லை: ஆதிகாலத்து, பாட்டன் பூட்டன் காலத்து, இராவணன் காலத்து. இவை ஆண்டைச் சொல்வதில்லை, சலிப்பைச் சொல்கின்றன. இந்தியச் சஞ்சிகைகளில் வரும் "அரதப் பழசு" இங்கே எல்லாருக்கும் விளங்கும், வாயில் வராது.

ஆனால் ஆட்சிக் காலத்தை வைத்துச் சொல்லும் சொற்களுக்கு எல்லை உண்டு. யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் காலம் என்றால் 1619க்கு முன். பறங்கியர் (போர்த்துக்கேயர்) காலம் 1619 முதல் 1658 வரை. ஒல்லாந்தர் காலம் 1658 முதல் 1795 வரை. வெள்ளைக்காரன் காலம் அதிலிருந்து 1948 வரை. தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் தெரிந்த உடனே "ஒல்லாந்தர் காலத்து வீடு" என்று எழுதுவது இங்கே ஒரு வியாதி. அப்படிச் சொல்லப்படுவதில் கணிசமானவை ஆங்கிலேயர் காலத்தவை. காணி உறுதியில் ஆண்டு கிடைக்காவிட்டால் "நாலு தலைமுறைப் பழைய வீடு" என்று எழுதுங்கள், பொய்யில்லாமல் இருக்கும்.

கிட்டிய காலத்துக்கு ஊரின் சொந்த அளவுகோல் "தொண்ணூற்றைஞ்சுக்கு முன்னம்", "தொண்ணூற்றைஞ்சுக்குப் பிறகு". 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் வலிகாமத்து (யாழ் நகரைச் சுற்றிய பகுதி) மக்கள் மொத்தமாக இடம்பெயர்ந்ததை வைத்த கணக்கு. ஒரு படம், ஒரு தளபாடம் "தொண்ணூற்றைஞ்சுக்கு முந்தினது" என்று சொன்னால், அது தப்பி வந்தது என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. அந்த இடத்தில் "பழசு" என்று பதில் சொல்லாதீர்கள்.

கோயில்களுக்குப் "பழைய" போடுவதில் ஒரு கண்ணி உண்டு. நல்லூரின் "பழைய கோயில்" என்றால் 1621இல் போர்த்துக்கேயர் இடித்ததைத்தான் அது குறிக்கும். இப்போது தேர் இழுக்கிற கோயில் 1734இல் குருக்கள் வளவில் எழுந்தது. இதன் வயதைப் புகழ வேண்டுமென்றால் "பழைமையான", "பழைமை வாய்ந்த". பழைய என்றால் முந்தியது. பழைமையான என்றால் மதிப்போடு வயதானது. கச்சேரிக்கு (மாவட்டச் செயலகம்) பக்கத்தில் உள்ள "பழைய பூங்கா" இரண்டும் இல்லை, அது இடத்தின் பெயர். ஓட்டோக்காரரிடம் அப்படியே சொன்னால் கொண்டுபோய் விடுவார்.

ஒட்டி எழுதுவோருக்கு

பழம் என்பது வல்லினத்தோடு சேரும்போது பின்வரும் எழுத்துக்கேற்ப மாறும்: பழங்கதை, பழஞ்சொல், பழந்தமிழ், பழம்பாடல். முது என்பது உயிரெழுத்துக்கு முன் மூது என நீளும்: முதுமொழி, முதுமகன், ஆனால் மூதாட்டி, மூதூர், மூதாதையர். தொல் பெரும்பாலும் தொலைதூரக் காலத்துக்கு: தொல்பொருள், தொல்குடி; "ந" எழுத்துக்கு முன் தொன் ஆகும்: தொன்னூல். பண்டைய என்பதும் அப்படியே. கையில் தொட்டுக் காட்டுகிற சாமானுக்குப் "பண்டைய" போட்டால் சிரிப்பு வரும். பண்டைய வணிகம், பண்டைய நாணயம் என்று வரலாற்றுக்கு வையுங்கள்.

"முதுசம்" பற்றி இரண்டு வரி கூடுதலாக. முதுசொம் என்றும் எழுதுவர். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைகளை ஒல்லாந்தர் 1706-1707இல் தொகுப்பித்த தேசவழமைச் சட்டத்தில் இது ஒரு வகைச் சொத்து: பெற்றோர், மூதாதையர் வழியாக இறங்கி வந்தது. சீதனம் வேறு, தேடியதேட்டம் (கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து) வேறு. நூறு வருடப் பழைய காணியென்றாலும் நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தால் அது உங்களுக்கு முதுசம் இல்லை. கட்டுரைகளில் "எங்கள் முதுசங்கள்" என்று பண்பாட்டுச் செல்வங்களைச் சொல்வது அழகான நீட்சி. ஆனால் காணி விஷயமாக எழுதும்போது அதைச் சட்டச் சொல்லாகவே பாவியுங்கள்.

காலம் கடந்தவை

"காலாவதியானது" என்றால் தவணை முடிந்தது: மருந்து, அனுமதிப்பத்திரம், பால்மாப் பெட்டி. சட்டத்துக்கு இதைப் போடுகிறவர்கள் பொருளைத் தலைகீழாக்குகிறார்கள். காலாவதியான சட்டம் இப்போது செல்லாது. இன்னும் செல்லுபடியாகிக்கொண்டு, ஆனால் இந்தக் காலத்துக்குச் சரிவராததை "காலத்துக்கு ஒவ்வாத சட்டம்" என்று எழுத வேண்டும்.

"வழக்கொழிந்தது" சொல்லுக்கும் சடங்குக்கும். சாமானுக்கு "பாவனையில் இல்லாதது". முற்றாகப் போகாமல் அங்கொன்று இங்கொன்றாக இருந்தால் "அருகிவிட்டது". அரிக்கன் லாம்பு அருகிவிட்டது. ஜாம் போத்தல் விளக்கு பாவனையில் இல்லை. இரண்டையும் ஒரே சொல்லால் மூட வேண்டாம்.

கருத்துப் பழசான ஆளைச் சொல்ல "பழைய பஞ்சாங்கம்" நல்ல சொல். பஞ்சாங்கம் சித்திரை பிறந்ததும் செல்லாக்காசு. போன வருடத்து நாள் நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு முகூர்த்தம் பார்க்க முடியாது. வாக்கியமா திருக்கணிதமா என்று இரண்டு பஞ்சாங்கத்துக்கு நடுவில் வாக்குவாதப்படும் ஊரில் இந்தப் பகிடி உடனே பிடிபடும். "பத்தாம்பசலி" என்பது தமிழ்நாட்டு வருவாய்க் கணக்கின் பசலி ஆண்டிலிருந்து வந்தது. இங்கே அது வாசித்துக் கற்ற சொல், எழுத்தில் வரலாம். அதே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுகிறவருக்கு "அரைச்ச மாவையே அரைக்கிறார்". திருந்திவிட்டேன் என்று சொன்னவர் மறுபடி பழைய குணத்துக்குப் போனால் "பழைய குருடி கதவைத் திறவடி".

சொல்லே பழசானால்

சாமான் அப்படியே இருக்க, சொல் மட்டும் வயதாவதும் உண்டு. கந்தோர் இப்போது ஒபிஸ். பிறக்கிராசியார் சட்டத்தரணி ஆனார். விதானையார் கிராம அலுவலர் ஆகியும், வயசுபோன ஆக்கள் இன்னும் விதானையாரிடம்தான் கையெழுத்து வாங்கப் போகிறார்கள். குசினி மெல்ல மெல்லச் சமையலறையாகிறது. கோச்சி என்ற சொல்லும் அப்படித்தான்: 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்று, 2014 ஒக்டோபரில் திரும்ப வந்தபோது இளசுகளின் வாயில் அது ரெயின். நாடகமோ கதையோ எழுதுகிறவர்கள் 20 வயதுப் பாத்திரத்தைக் கந்தோருக்கு அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. கதிரை, அலுமாரி, யன்னல், வாங்கு, லாச்சி, சப்பாத்து, போத்தல் எல்லாம் போர்த்துக்கேய, ஒல்லாந்த வழி வந்தவை. ஆனால் இவை பழஞ்சொற்கள் இல்லை. மூன்று வயதுக் குழந்தையும் கதிரையில்தான் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இவற்றைக் கேட்டு "என்ன பழைய தமிழ்!" என்று வியக்க வேண்டியதில்லை. சந்தேகம் வந்தால் 1842இல் மானிப்பாயில் அச்சான யாழ்ப்பாண அகராதியையும், அயலில் இருக்கிற ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையையும் சேர்த்துக் கேளுங்கள். இருவருக்கும் தெரிந்தால் உயிரோடு இருக்கும் சொல். அகராதிக்கு மட்டும் தெரிந்தால் வழக்கொழிந்தது.

ஒரு பெட்டகத்தை வைத்துப் பழகுதல்

வீட்டில் ஒரு மரப் பெட்டகம் இருக்கிறது என்று வையுங்கள். முதிரை மரம், 5 அடி நீளம், பித்தளைப் பிடி. அடிப்பலகை பிறகு மாற்றியது, மாம்பலகை. அதையே மூன்று விதமாக எழுதிப் பாருங்கள்.

நினைவு மலருக்கு: "பூட்டியின் காலத்திலிருந்து இறங்கி வந்த முதுசப் பெட்டகம் இன்றும் அறையின் மேற்குச் சுவரோடு நிற்கிறது." இங்கே பழைய என்ற சொல்லே தேவைப்படவில்லை, வம்சம் வயதைச் சொல்லிவிட்டது.

வீட்டுக்குள்: "உந்த உளுத்துப்போன பெட்டியை எத்தினை நாளைக்கு வைச்சிருக்கிறது?" இது வீட்டுக்காரர் மட்டும் சொல்லக்கூடியது. விருந்தாளி ஆமோதித்தால் பிழை.

விற்பனை விளம்பரத்துக்கு: "முதிரைப் பெட்டகம். நீளம் 5 அடி, அகலம் 2½ அடி, உயரம் 3 அடி. மூன்று தலைமுறை பாவித்தது. செல்லரிப்பு இல்லை. அடிப்பலகையில் ஒரு மூலை உளுத்தது. பிணைச்சலில் கறள், இத்தவில்லை. பூட்டு நல்லது, திறப்பு இல்லை."

மூன்றாவதில் ஒவ்வொரு குறையும் தன் சொந்த வினைச்சொல்லோடு நிற்பதைக் கவனியுங்கள். "சிறிது பழுதடைந்த பழைய பெட்டி" என்று எழுதியிருந்தால் பழைய இரும்பு வாங்குகிறவர்தான் முதலில் வந்து படலையைத் தட்டுவார். வாங்க வருகிறவரும் "பழைய பெட்டிதானே" என்று தொடங்குவார். அது விலை இறக்கும் பேச்சு, விவரணை அல்ல. "ஓம், பழசுதான், ஆனா வைரம்" என்று சொல்லிவிட்டு மூடியைத் திறந்து உட்பக்கத்தைக் காட்டுங்கள். அதற்கு முன் திறப்புக்கு ஆள் பிடித்து வைத்திருக்க வேண்டும்.